கடல் கிடந்த நிலமும் நம் கடப்பாடும்



இன்று பருத்தியும் முந்திரியும் விளையும் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் பெரும்பரப்பு, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தில் கடலடியில் கிடந்தது. காரையில் கடலுயிர்களின் ஓடுகள் கல்லாய்க் கிடைப்பதும், சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் கல்லாகிக் கிடப்பதும் அக்காலத்தின் சான்றுகள். எண்ணிறந்த கடலுயிர்களின் ஓடுகள் படிந்த சுண்ணாம்புக்கல்லே இன்று அங்குள்ள சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள்.

தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் ஏறத்தாழ 44 கிலோ கரியமில வாயுவாய் வெளியேறும். சூளையில் எரியும் நிலக்கரியின் புகை இதற்கும் மேற்பட்டது.

“கடல் விலகியபோது எந்த ஆலை இருந்தது? தட்பவெப்பம் தானே மாறுவதன்றோ?” என்பர் சிலர். மாறியது உண்மையே, ஆனால் அது நெடுங்காலத்தில் நிகழ்ந்தது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, மூன்று நூற்றாண்டுகளுக்குள் 420 பங்கைக் கடந்துவிட்டது. மனிதர் செயலால் புவி வெப்பமடைந்தது ஐயத்திற்கு இடமற்றது என ஐ.நா.வின் அறிவியலாளர் குழு 2021இல் உரைத்தது.

“இது துஷம காலம், கேடு வந்தே தீரும்” என்பார் நம்மிலும் உளர். காலம் நிமித்தமே. வினையை ஈர்ப்பன நம் மன, மொழி, மெய்களே.

“ஆலை செய்வதற்கு நாம் எவ்வாறு பொறுப்பு?” எனலாம். தான் செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் ஆகம நெறி. தேவைக்கு மிகுதியாக மூட்டை வாங்குவோர் செய்வித்தவரே. மண்ணையும் நெருப்பையும் காற்றையும் உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களை அறிந்த நமக்குப் பொறுப்பு மிகுதி.

இல்லறத்தார் வீடின்றி வாழ இயலாது. ஆதலின் அவர்க்கு முற்றத் துறத்தல் விதிக்கப்படவில்லை. பொருளுக்கு அளவு வரைதலும், பயனற்ற தீங்கை விலக்கும் அனர்த்த தண்ட விரதமுமே விதிக்கப்பட்டன. உறுதியான பழைய வீட்டை, அண்டை வீட்டுக்கு ஈடாக வேண்டுமென இடிப்பது எவ்விரதத்தில் அடங்கும்? பழுது பார்த்தால் போதுமான ஜினாலய மண்டபத்தை அகற்றி, காங்கிரீட் கூடம் எழுப்புவது திருப்பணியா, பெருமையா? இவ்வினாக்கள் கசப்பானவை, ஏனெனில் நாமும் அவ்வாறு செய்தவர்களே.

வரும் தசலட்சண நாள்களில் ஒருநாள் குடும்பத்தோடு அமர்ந்து, வீடு, ஊர்தி, மின்சாரம் ஆகியவற்றுக்கு அளவு வரைந்து விரதம் ஏற்போம். ஏற்ற அளவு சிறிதாயினும் வழுவாது காப்போம்.

அறம் வளர்க!