சுமையும் அறமும்

கொல்லாமையே அறங்களுள் தலையாயது என்பது நம் துணிபு. ஆயினும், கொன்றுண்டு வாழ்வார் நாட்டிலும் அறத்திற்கோர் எல்லை வகுக்கப்பட்டிருத்தலை ஆராய்தல் பயனுடைத்து.

வட அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலத்துக் கோடியாக் தீவில் மானை வீழ்த்திய வேடனுக்கு உழைப்பு அதன் பின்னரே தொடங்குகின்றது. உடற்சூடு தணியாவிடின் ஊன் கெடும். ஆதலின் அவன் உடனே குடரை நீக்கி, உடலைத் துண்டங்களாக்கி, முதுகிற் சுமந்து மலைச்சரிவு கடத்தல் வேண்டும். தாழ்ப்பின், குருதி மணம் பற்றிப் பழுப்புக் கரடி வந்துறும். ஆயினும் ஊனை விட்டேகல் குற்றம். பெருவிலங்கின் பின்தொடைகளையும் எடாது விட்டவனுக்கு 7 நாட்குக் குறையாத சிறையும் 2,500 டாலருக்குக் குறையாத தண்டமும் உண்டு. கொம்போ, இறுதிச் சுமையோடுதான் வரலாம்.

இவ்விதியின் உட்கிடை யாது? ஊன் பசிக்குரியது, கொம்பு பெருமைக்குரியது. பெருமை பின்னரே வருக என்பது ஒன்று. சுமக்கவொண்ணாததைக் கொல்லற்க என்பது மற்றொன்று. கொல்லுதற்கு ஒரு விரல் போதும். சுமத்தற்கு முழுவுடலும் வேண்டும்.

சுமந்தமையாற் கொலை நீங்குமோ எனின், நீங்காது. போன உயிரை எத்தோளும் மீட்டுத் தாராது. ஆயினும், தன் வினையின் பாரத்தைத் தன் முதுகில் அறிந்தவன் மீண்டும் துப்பாக்கியை எடுக்குமுன் சற்றே எண்ணுவான். அவ்வெண்ணம் இரக்கத்திற்கு வித்தாகலாம். பிறர் கொல்ல, பிறர் சுமக்க, விலைகொடுத்து உண்பானுக்கோ அவ்வித்தும் இல்லை. இருவருள் அறத்திற்கு அணியன் யாவன் என்பதை அறிவுடையோர் ஓர்க.