விரல் நிற்கும் இடம்

யாராவது ஏறுக்குமாறாகப் பேசினால் ‘மரை கழண்ட கேஸு’ என்போம். மரை என்றால் என்ன என்று யோசிக்காமலேயே நானும் சொல்லித் திரிந்தவன்தான். தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி அதைக் கற்றுக்கொடுத்தது.

திருச்செந்தூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்தில் பன்றி விரட்ட வைத்திருந்த இங்கிலாந்துத் துப்பாக்கி. விசைக்காப்பில் ஒரு திருகாணி பாதியில் துருத்திக்கொண்டு நின்றது. அது சைக்கிள் திருகாணி. ஏதோ ஓர் அவசர ராத்திரியில் தாத்தாவே முறுக்கி ஏற்றியது.

1959ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் உள்ளவர்தான் துப்பாக்கியைப் பழுதுபார்க்கலாம். அப்படி ஒரு அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். ஜோடித் திருகாணியை நானே அளந்து வைத்திருந்தேன். குறுக்களவு 6 மில்லிமீட்டர், மரைக்கு மரை இடைவெளி 1 மில்லிமீட்டர். “எம் 6தான் அண்ணாச்சி, கடையிலேயே கிடைக்கும்” என்றேன்.

அவர் பேசவில்லை. ஒரு பல் அளவுகோலைத் திருகாணிமேல் வைத்து வெளிச்சத்தில் காட்டினார். இடுக்கில் ஒளி கசிந்தது. மெட்ரிக் மரையின் கோணம் 60 டிகிரி. பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் மரைக்கு 47½ டிகிரி. அதில் பூஜ்ய எண் திருகாணிக்கும் இதே 6, இதே 1. இரண்டு எண்ணும் பொருந்துகின்றன, ஆனால் பொருள் பொருந்தவில்லை. கொஞ்சம் அழுத்தினால் ஏறிவிடவும் கூடும். ஆனால் மரையின் முகம் முழுசாக உட்காராது.

1841இல் ஜோசப் விட்வொர்த் 55 டிகிரி என்று ஒரு பொது மரையை முன்வைக்கும்வரை அங்கே பட்டறைக்குப் பட்டறை மரை வேறு. பிறகும் துப்பாக்கிக்காரர்கள் பலர் தங்கள் சொந்த மரையை விடவில்லை.

“அப்ப ஓட்டையப் பெருசாக்கிப் புது மரை போட்டுருங்க. நம்ம பொருள்தானே?”

“தம்பி, திருகாணி போனா வேற கடைஞ்சுக்கலாம். ஓட்டையில மரை போனா எங்க போயிச் செய்வ?”

நம்ம பொருள்தான். ஆனாலும் என் அவசரத்தின் விலையை யார் தலையில் கட்டுகிறேன் என்பதுதான் கேள்வி. புதுத் திருகாணி தப்பாகிப்போனால் என் காசு போகும், மறுபடி கடையலாம். ஓட்டையை அறுத்தால் அடுத்து வைத்திருப்பவனுக்குத் திரும்பிப்போக வழி இல்லை. தவறக்கூடிய மனிதன், தன் தவறை மாற்ற முடிகிற பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் நியாயம். மனுசங்க விஷயத்திலும் இதைத்தான் மீறுகிறோம். இரண்டு அளவு ஒத்துப்போனதும் ‘இவன் இப்படித்தான்’ என்று முறுக்க ஆரம்பிக்கிறோம். இறுகினால் அவன்மேல்தான் கோபம் வருகிறது.

தாத்தா செய்தது தப்பா? அந்த ராத்திரியில் அவரிடம் அளவுகோல் இல்லை. வேறு திருகாணியைப் போட்டது தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இறுகிய பிறகும் முறுக்கினாரே, அங்கே அவர் கைக்குத் தெரிந்திருக்கும்.

மூன்று வாரம் கழித்துக் கடைந்த திருகாணி வந்தது. ஓட்டை வாயில் நசுங்கியிருந்த ஒன்றரை மரையை அண்ணாச்சி தொடவில்லை. மீதி மரையே தாங்கும் என்றார்.

“விரலால மட்டும் ஏத்து. விரல் நின்னா நீயும் நில்லு. திருப்புளி அதுக்குப் பொறவுதான்.”

ஏற்றினேன். கடைசிச் சுற்றுவரை விரல் நிற்கவில்லை.