துடைங்க

ஹூண்டாய் 1996-இல் இந்தியாவில் நிறுவனம் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்தபின் கொரியக் குடும்பங்கள் சென்னைக்கு வரத் தொடங்கின. அப்படி வந்த ஒரு குடும்பம் என் வீட்டுக்கு மேல்தளத்தில் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் அக்காவுக்குச் சொந்த ஊர் ஆலங்குடிப் பக்கம். நானும் அதே புதுக்கோட்டை மாவட்டம்தான். கொரியப் பெண்மணிக்குத் தமிழ் வராது, அக்காவுக்குக் கொரிய மொழி வராது. நடுவில் இருப்பது கொஞ்சூண்டு இங்கிலீஷ். அதுவும் வீடு சுத்தம் செய்கிற இங்கிலீஷ்: ஸ்வீப், மாப், வைப், ரின்ஸ்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சொற்களையெல்லாம் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "வைப் என்பதை மரியாதையாக எப்படிச் சொல்வது?" என்று கேட்டார். கொரிய மொழியில் வினைச்சொல்லின் வாலிலேயே மரியாதை இருக்கிறது. 'செயோ' என்று முடித்தால் ஏவல் பணிவாகிவிடும், நம்முடைய 'ங்க' மாதிரி. இங்கிலீஷ் வினைக்கு அந்த வால் இல்லை, 'ப்ளீஸ்' என்று வெளியிலிருந்து ஒட்ட வேண்டும். அவருக்கு அது போதவில்லை. தமிழில் எப்படி என்றார். "துடைங்க" என்றேன். கொரிய எழுத்தில் குறித்துக்கொண்டார்.

படியிறங்கும்போதுதான் உறுத்தியது. ஊரில் எங்கள் வீட்டு வாசல் கூட்டி, ஏனம் விளக்கிய பாட்டிக்கு அறுபது வயதிருக்கும். எட்டு வயதில் நான் அவரிடம் "இங்க கூட்டு" என்றுதான் சொல்வேன். யாரும் திருத்தவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தாவை 'நீ' என்றதற்கு அதே வீட்டில் அடி வாங்கியிருக்கிறேன். ஆக, எனக்கு 'ங்க' தெரியாமல் இல்லை. யாருக்கு அது கிடையாது என்பதையும் சேர்த்தே கற்றிருக்கிறேன். சாதி எனக்கு முதலில் இலக்கணமாகத்தான் வந்து சேர்ந்தது.

போன வாரம் லிஃப்டில் அக்காவைப் பார்த்தேன். "அந்தம்மா இப்ப துடைங்க, கழுவுங்கன்னு சொல்லுது தம்பி. கேக்க நல்லாத்தான் இருக்கு. 'ங்க' போட்டா சம்பளம் கூடுமா?" என்று சிரித்தார்.

கூடாது. அது நியாயமான கேள்வி. ஆனால் சம்பளத்தைக் கேட்கவும் மறுக்கவும் உரிமையுள்ள ஓர் ஆள் எதிரே நிற்கிறார் என்று ஒப்புக்கொள்ளும் இடம் அந்த 'ங்க'. அந்தப் பாட்டிக்கு நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை.