நாற்காலியும் பாட்டும்

தொலைக்காட்சித் தொடரில் நெடுநாள் நாயகனாக வந்தவர் ஒருநாள் மறைகிறார். "இவருக்குப் பதில் இவர்" என்றொரு வரி திரையில் தோன்றுகிறது. ஜொகூர் பாருவில் நம் வீட்டார் இரண்டு நாள் முணுமுணுத்து, மூன்றாம் நாள் புதியவரை ஏற்கின்றனர். போனவர் அதனை எவ்விதம் தாங்கினார் என்று கேட்பாரில்லை.

தியாகராஜ பாகவதரை எண்ணிப் பாருங்கள். 1944-இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவ்வாண்டிறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கிற் கைதாகிச் சிறை புகுந்தவர், 1947-இல் விடுதலை பெற்று மீண்டார். அவர் அதே பாகவதர்தாம். ஜனங்கள் அதே ஜனங்களல்லர். 1948-இல் 'ராஜமுக்தி' தோற்றது. 1941-இல் 'அசோக்குமா'ரில் அவருடன் சிறு வேடமேற்ற எம். ஜி. இராமச்சந்திரன் இப்படத்திலும் நடித்தார். அதற்குள் அவர் 'ராஜகுமாரி'யின் நாயகனாக உயர்ந்திருந்தார். அடுத்து ஆள வந்தவர் அருகிலேயே நின்றார்!

பாகவதர் திரையை முற்றுந் துறந்தாரல்லர்; பின்னும் சில படங்களில் நடித்தார், அவையும் கைகொடுக்கவில்லை. ஆயினும் அவர் கச்சேரி மேடையை விடவில்லை. நாயகன் என்னும் ஆசனம் ஜனங்கள் அளித்தது. அவர்களே திரும்பப் பெறலாம். பாட்டு அவருடையது. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவோனே பதிலாள் வரக்கண்டு பதறுகிறான். (தோட்டத்துக் கோயிற் சபைகளிலும் நகரத்துச் சங்கங்களிலும் தலைவர் நாற்காலியை விடாதாரை நாம் குறிப்பிடவில்லை, அவர்களே அறிந்துகொள்ளட்டும்.)

1959 நவம்பர் 1-ஆம் நாள் அவர் இறந்தார். அதற்குச் சில வாரங்கள் முன்னர்கூடப் பொள்ளாச்சியில் பாடியிருந்தார்.