புதுக் கூடமும் பழைய கடமையும்



சென்ற ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். சமூக வானொலி நிலையம் ஒன்றில் தொண்டு செய்து வரும் நம் பங்கு இளைஞன் ஒருவன் வந்தான். "சாமி, எங்கள் நிலையம் புது ஸ்டூடியோவுக்குப் போகிறது. இனி நிகழ்ச்சிகள் நன்றாக இருக்கும்" என்றான். "நன்றாக என்றால்?" என்று கேட்டேன். "சத்தம் சுத்தமாக வரும், சாமி" என்றான். "சொல்லும் சேதியும் சுத்தமாக வருமா?" என்றேன். அவன் சிரித்து, "அதற்கு ஸ்டூடியோ என்ன செய்யும், சாமி?" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போய்விட்டான், கேள்வி போகவில்லை. கருவி சிறந்தால் செயலும் சிறக்குமா? பேசும் இடம் உயர்ந்தால் பேச்சும் உயருமா? பலர் கேட்கப் பேசுகிறவன், கேட்கிறவர்களுக்கு எதைக் கடன்பட்டிருக்கிறான்? இது வானொலிக்காரரை மட்டும் பற்றிய கேள்வியன்று. பள்ளிக்கூட ஆசிரியர், பஞ்சாயத்து அறிவிப்பாளர், கைப்பேசியில் வந்த சேதியை நூறு பேருக்கு அனுப்பி வைக்கிற நாம் எல்லாரும் இதில் அடக்கம். ஆகையால் சற்று நிதானமாய் ஆராய்வோம்.

முதலாவது, ஒலிக்கூடம் என்பது என்ன? வெளிச் சத்தம் உள்ளே வராமலும், உள்ளே எழும் சத்தம் சுவரில் மோதித் திரும்பாமலும் காக்கும் அறை, அவ்வளவுதான். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். வெறும் சுவருள்ள அறையில் நாம் பேசும் சொல் சுவரில் பட்டுச் சற்றுப் பிந்தி ஒலிவாங்கிக்குத் திரும்புகிறது. அப்போது ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்கிறது. இதைத் தடுக்கவே சுவரில் துளையிட்ட பலகை, அதன் பின்னே கண்ணாடிப் பஞ்சு, தரையில் கம்பளம், ஒன்றன்பின் ஒன்றாய் இரண்டு கதவு, இரட்டைக் கண்ணாடிச் சாளரம் எல்லாம் வைக்கிறார்கள்.

"சத்தியத்தைச் சொல்ல இவ்வளவு ஆடம்பரம் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். இது ஆடம்பரமன்று. நம் தமிழில் "போக வேண்டும்" என்பதற்கும் "போக வேண்டாம்" என்பதற்கும் உள்ள வேற்றுமை கடைசி எழுத்துகளில் அடங்கியிருக்கிறது. மணப்பாட்டிலோ பெரியதாழையிலோ அதிகாலையில் கரையில் நிற்கிறவனுக்கு அலையும் காற்றும் இயந்திரமும் ஒருங்கே இரைகின்றன. அந்த இரைச்சலில் கடைசி எழுத்து தேய்ந்து போனால் ஒரு குடும்பம் தேய்ந்து போகும். ஆகவே தெளிவாய் ஒலிபரப்புவது கேட்கிறவனுக்குச் செலுத்த வேண்டிய நீதி. அந்த மட்டில் புதுக் கூடத்தை வாழ்த்தி வரவேற்போம்.

ஆனால் தெளிவு வேறு, உண்மை வேறு. இரண்டாவது ஆராய வேண்டியது இதுவே.

நம் நாட்டு வானொலியின் சரித்திரமே வீடு மாறி வந்த சரித்திரம்தான். 1924-ம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் சென்னையில் ஒரு ரேடியோ சங்கம் தொடங்கி, அந்த ஆண்டே ஒலிபரப்பவும் செய்தார்கள். பணமுடையால் 1927-ல் அது நின்றது. ஒலிபரப்புக் கருவியைச் சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். மாநகராட்சி 1930 ஏப்ரல் 1 முதல் ரிப்பன் மாளிகையிலிருந்து ஒலிபரப்பியது. பின்பு 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் எழும்பூரில் பிறந்தது. 1954-ல் மெரினா கடற்கரைச் சாலையில் இன்றுள்ள கட்டடத்துக்குக் குடியேறியது. வீடு மாற மாறக் கூடமும் கருவியும் சிறந்து வந்தன என்பதில் ஐயமில்லை.

ஆனால் ரிப்பன் மாளிகைக் காலத்துச் செயல் ஒன்றைக் கவனியுங்கள். வானொலிப் பெட்டி வாங்க வகையற்ற ஜனங்களும் கேட்க வேண்டுமென்று மாநகராட்சி கடற்கரையில் ஒலிபெருக்கி வைத்தது. மாலையில் காற்று வாங்க வந்த கூலிக்காரனும் நின்று கேட்டான். எங்கிருந்து பேசுவது என்பதோடு நிற்காமல், யார் கேட்பார் என்றும் நினைத்தார்கள். பேசும் அறையின் சிறப்பைப் போலவே, கேட்பவன் நிற்கும் இடத்தைப் பற்றிய நினைவும் ஒரு நிலையத்துக்கு அவசியம்.

நம் பக்கத்துக்கு வருவோம். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 டிசம்பர் 1 அன்று தொடங்கியது. "இன்று ஒரு தகவல்" சொல்லித் தமிழ்நாடெங்கும் பேர்பெற்ற தென்கச்சி கோ. சுவாமிநாதன், சென்னைக்குப் போகுமுன் இங்கேதான் பணி செய்தார். அவர் பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரல் அது. எந்த அறையிலிருந்து பேசினாலும், எதிரே ஒரு மனிதன் இருக்கிறான் என்ற நினைவோடு பேசினார்.

சிறு வானொலிகளுக்கு இந்த நினைவு இன்னும் அவசியம். வானலை பொதுமக்களின் உடைமை என்று 1995-ல் நமது உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2006-ல் மத்திய அரசு தொண்டு நிறுவனங்களும் சமூக வானொலி நடத்த அனுமதித்தது. அந்த விதிகளின்படி ஒலிபரப்பின் வலிமை சாதாரணமாய் 100 வாட். கோபுரத்தின் உயரம் 30 மீட்டர். நிகழ்ச்சிகளில் பாதியாவது அந்தந்த ஊர் மக்களின் பங்கோடு உருவானதாய் இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கேட்காத அந்தக் குரலுக்கு அண்மையே பலம். பாம்பனில் 2016-ல் தொடங்கிய "கடல் ஓசை" 90.4 வானொலியை நினையுங்கள். மீன்பிடிக்கும் மக்களுக்கென்றே ஏற்பட்ட நிலையம் அது. அங்கே பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒரே கரையைச் சேர்ந்தவர்கள்.

அண்மைக்கு ஒரு பலம் உண்டு. ஓர் ஆபத்தும் உண்டு. தூரத்துக் குரலை மனிதன் சந்தேகிப்பான். தெரிந்த குரலைச் சந்தேகிக்க மாட்டான். "நம்ம பிள்ளைதானே சொல்கிறான்" என்று எழுந்து நடப்பான். இதை நான் புத்தகத்தில் படித்து எழுதவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரை கடந்தது. ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் திருச்செந்தூர் விரைவு ரயில் வெள்ளத்தில் சிக்கி நிற்க, நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துக் கிராமத்தார் சமைத்துப் போட்டார்கள். நமக்கோ மின்சாரம் இல்லை, கைப்பேசியும் இல்லை. கார் பாட்டரியில் ஓடிய கோயில் ஒலிபெருக்கி ஒன்றே ஊருக்கு வாயாக இருந்தது.

அன்றிரவு நனைந்து ஓடி வந்த ஒருவர், குளக்கரை உடைந்துவிட்டதென்று சொன்னார். "நீங்கள் பார்த்தீர்களா?" என்று நான் கேட்கவில்லை. ஒலிவாங்கியை எடுத்து, "குளம் உடைந்துவிட்டது, எல்லாரும் மேட்டுக்கு வாருங்கள்" என்று அறிவித்தேன். குரல் மிகத் தெளிவாய்க் கேட்டதாம். சாமி சொன்னால் பொய்யிராது என்று, பத்திரமான வீட்டிலிருந்தவர்களும் இருட்டில் இறங்கி ஓடினார்கள். ஒரு வயதான அம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. குளம் உடையவில்லை.

இங்கே ஒரு வேற்றுமையைத் தெளிவாக்க வேண்டும். அறிவும் பொருளும் ஒன்றோடொன்று பொருந்துவதே உண்மை என்று அர்ச். அக்குயினாஸ் தோமையார் கற்பிக்கிறார். பொய்யன் தன் மனதில் உள்ளதற்கு மாறாகப் பேசுகிறான். அன்று நான் பொய் சொல்லவில்லை. மனதில் நம்பியதைத்தான் சொன்னேன். ஆனால் என் மனம் பொருளோடு பொருந்துகிறதா என்று பார்க்கவில்லை. பார்க்க வழி இருந்தது. டார்ச் விளக்கோடு இருவரை அனுப்பினால் கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

"ஆபத்து வேளையில் அவ்வளவு தாமதிக்கலாமா? எச்சரிக்காமல் இருந்து குளம் உடைந்திருந்தால்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில், தங்கு கடலுக்குப் போயிருந்த எத்தனையோ பேருக்கு எச்சரிக்கை எட்டவேயில்லை. பலர் திரும்பவும் இல்லை. பேச வேண்டிய நேரத்தில் பேசாமலிருப்பதும் குற்றமே. ஆகவே ஆள் அனுப்பிக்கொண்டே இப்படிச் சொல்லியிருக்கலாம்: "குளம் உடைந்ததாக ஒருவர் சொல்கிறார், பார்த்து வர ஆள் போயிருக்கிறது, பள்ளத்தில் இருப்பவர்கள் மேட்டுக்கு வாருங்கள், மற்றவர்கள் ஆயத்தமாய் இருங்கள்." தெரிந்ததைத் தெரிந்ததென்றும், கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதென்றும் பிரித்துச் சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தை நான் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய குற்றம் பின்னால் நடந்தது. குளம் உடையவில்லை என்று அன்றிரவே தெரிந்துவிட்டது. அதே ஒலிபெருக்கியில் "நான் சொன்னது தவறு" என்று சொல்ல வெட்கப்பட்டேன். காலையில் இரண்டொருவரிடம் தனியே சொன்னதோடு சரி. நூறு வீட்டுக்குக் கேட்கத் தவறைச் சொன்னவன், திருத்தத்தை இருவர் காதில் சொன்னான். களவாடிய பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று ஞானோபதேசத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறேன். உண்மையைப் பறித்தவனும் அப்படியே, பறித்த அளவுக்குத் திருப்பித் தர வேண்டியவன். ஆகவே எல்லாரும் வாசிக்கும் இந்த இதழில் இன்று எழுதுகிறேன்: அன்று நான் அறிவித்தது தவறு, விசாரியாமல் அறிவித்தேன். அந்த அம்மாளிடமும் அவர்கள் பிள்ளைகளிடமும் நேரில் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். உங்களிடம் இப்போது கேட்கிறேன்.

இனி அந்த இளைஞனுக்கு விடை. தம்பி, புதுக் கூடத்துக்குச் சந்தோஷமாய்ப் போங்கள். ஆனால் மூன்று காரியங்களை மறவாதீர்கள்.

முதலாவது, அந்தச் சுவர்கள் வெளிச் சத்தத்தைத் தடுக்கும். பொய்ச் சேதியைத் தடுக்கா. கதவுக்கு வெளியே வந்த சேதியை, "யார் பார்த்தார்?" என்று கேட்ட பிறகே உள்ளே விடுங்கள்.

இரண்டாவது, தவறினால், தவறிய அதே நிகழ்ச்சியில், அதே நேரத்தில், அதே குரலில் திருத்துங்கள். நல்ல ஒலிவாங்கியில் தவறைச் சொல்லிவிட்டு, திருத்தத்தை மாத்திரம் முணுமுணுக்காதீர்கள்.

மூன்றாவது, பழைய அறையில் ஜன்னல் வழியே தெருச் சத்தம் கேட்டது. மீன் விற்கிறவள் எட்டிப் பார்த்து, "நேற்று நீ சொன்ன விலை தப்பு" என்று உங்களைக் கடிந்திருப்பாள். புது அறையில் இரண்டு கதவும் கம்பளமும் இருக்கும். சேற்றுக் காலோடு வருகிறவள் வாசலிலேயே நின்றுவிடுவாள். உள்ளே இருப்பவன் ஹெட்போனில் தன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான். ஆகவே வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சு போடுங்கள். தினம் ஒரு மணி நேரமாவது உங்களில் ஒருவர் அதில் உட்கார்ந்து, வருகிறவர் சொல்வதைக் கேளுங்கள்.

நம் ஆதிச்சநல்லூர்ப் பரம்பில் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்த தாழிகளைப் பற்றி எல்லாரும் அறிவோம். 2023-ல் திறந்த காட்சிக்கூடத்தில், கண்ணாடிக்குக் கீழே குழியில் இருந்தபடியே அவற்றைக் காணலாம். எலும்பு, கலம், இரும்பு எல்லாவற்றையும் மண் காத்து வைத்தது. அம்மக்கள் பேசிய ஒரு சொல்லைக்கூட எந்தத் தாழியும் காக்கவில்லை. அவர்கள் பேச்சு, கேட்டவர்களுடைய நடத்தையில் மட்டுமே இருந்து போயிற்று. நம் பேச்சும் அப்படியே: சொன்னவுடன் அது நம்மை விட்டுப் போய், கேட்டவன் எடுத்து வைக்கும் அடியில் இருக்கிறது.

கடைசியாக ஓர் அறிவிப்பு. இனி நம் கோயில் ஒலிபெருக்கியில் ஆபத்துச் சேதி எதுவானாலும், நேரில் பார்த்தவர் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பின்பே, அல்லது பார்க்கவில்லை என்பதையும் சேர்த்தே அறிவிக்கப்படும். அதற்கான நோட்டும் டார்ச் விளக்கும் ஒலிபெருக்கி அறையில் வைக்கப்பட்டிருக்கின்றன. மழைக்காலத்தில் இரவில் போய்ப் பார்த்து வர நான்கு வாலிபர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் வரும் ஞாயிறு பூசைக்குப் பின் என்னை வந்து பாருங்கள்.

உங்கள் பங்குக் குரு