தோல்வியிலும் பிரமாணிக்கம்

தோற்றுக்கொண்டே இருக்கும் ஓர் அணியை ஆண்டுக்கணக்கில் நேசிப்பது அறிவுடைமையா, அறியாமையா? விளையாட்டுச் செய்தியோடு முடிந்துபோகும் கேள்வியாக இது தோன்றலாம். ஆனால் ஓசூர்ப் பகுதியில் இளைஞரோடு பழகும் நமக்கு, இது மனித நெஞ்சத்தைப் பற்றிய கேள்வியாகவே படுகிறது.

ஓசூரிலிருந்து பெங்களூரு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்குகிறது. மாநில எல்லை அங்கே நிற்கிறது. மக்களின் நேசங்கள் அங்கே நின்றுவிடுவதில்லை. எனவே, 2008-இல் ஐ.பி.எல். கிரிக்கெட் தொடங்கியபோது, இங்குள்ள இளைஞர் சிலர் சென்னை அணியை விடுத்து, பக்கத்திலிருந்த பெங்களூரு அணிக்குத் தம் நெஞ்சைக் கொடுத்தனர்.

அவர்களுக்கு வாய்த்ததோ நீண்ட தவக்காலம். 2009 இறுதியாட்டத்தில் டெக்கான் சார்ஜர்சிடம் 6 ஓட்டங்களில் தோல்வி. 2011-இல் சென்னை அணியிடமே 58 ஓட்டங்களில் தோல்வி. 2016-இல் விராட் கோலி ஒரே தொடரில் 973 ஓட்டங்கள் குவித்தும், சொந்த மண்ணான சின்னசாமி அரங்கில் ஐதராபாத்திடம் 8 ஓட்டங்களில் தோல்வி. மறு ஆண்டு கொல்கத்தாவுக்கு எதிராக அணி முழுவதும் 49 ஓட்டங்களுக்குள் ஆட்டமிழந்தது. ‘ஈ சலா கப் நம்தே’, அதாவது இவ்வாண்டு கோப்பை நமதே என்ற கன்னட முழக்கம், கோடை முடிவதற்குள் கேலிப்பொருளாகிவிடும்.

தொழிற்சாலையொன்றில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் 2016 இறுதியாட்டத்துக்குப் பின் நம்மிடம் சொன்னார்: “கோப்பைகூட வேண்டாம், சாமி. ஒரு நாளாவது தலைநிமிர்ந்து வேலைக்குப் போகவேண்டும்.” அவ்வாண்டு செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையால் பெங்களூருவில் வன்முறை வெடித்தது. பேருந்துகள் எல்லையில் நின்றன; மக்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்தே எல்லையைக் கடந்தனர். “தமிழனாயிருந்து அந்த ஊர் அணிக்குக் கைதட்டுகிறாயா?” என்று உடன் வேலை செய்வோர் அவரைக் கேட்டனர். “தண்ணீருக்கு நியாயம் கேட்பேன், அதற்காக இந்த அணியை வெறுக்கமாட்டேன்” என்றாராம். கேலியைவிடக் கடினமான சோதனை இது.

இத்தகைய நேசத்தால் என்ன பயன்? அணியோ பெருநிறுவனம் ஒன்றின் உடைமை. வீரர்கள் ஏலத்தில் எடுக்கப்படுகிறவர்கள். இரசிகனுக்கு இலாபத்தில் பங்கில்லை. துயரத்தில் மட்டும் முழுப் பங்கு. ஆனால் 1908-இல் ‘விசுவாசத்தின் தத்துவம்’ பற்றி நூல் எழுதிய அமெரிக்க அறிஞர் ஜோசையா ராய்ஸ், தோல்வியுற்ற இலட்சியங்களின்மீது கொள்ளும் பற்றை இழிவாகக் கருதவில்லை. துயரமும் கற்பனையும் அப்பற்றை ஆழப்படுத்தும் என்றார். உற்பத்திக் கணக்கும் சம்பளச் சீட்டுமே மனிதனின் மதிப்பாகிவிட்ட நம் தொழில் நகரில், கூலி எதிர்பாராமல் ஒன்றை நேசிக்கப் பழகுவது சிறிய காரியமா?

ஆயினும் அதில் ஓர் ஆபத்தும் உண்டு. காத்திருந்த ஆண்டுகளை எண்ணி எண்ணி, அவற்றை உலகம் நமக்குப் பட்ட கடனாக மாற்றிக்கொள்கிறோம். கடன் தீராதபோது கசப்பு வருகிறது; வீரரை ஏசுகிறோம், எதிரணி இரசிகரைப் பகைக்கிறோம். அப்போது நாம் நேசித்தது அணியையா, நம் வெற்றியையா?

2025 ஜூன் 3 அன்று அகமதாபாத்தில் பஞ்சாப் அணியை 6 ஓட்டங்களில் வென்று, 18-ஆவது தொடரில் பெங்களூரு முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது. மறுநாள் சின்னசாமி அரங்கின் வாயில்களில் திரண்ட கூட்டத்தின் நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். கொண்டாட வந்தவர்கள் வீடு திரும்பவில்லை. சில நாள்கள் கழித்து அந்த இளைஞரைச் சந்தித்தோம். இப்போது அவருக்கு மனைவியும் மகளும் இருக்கிறார்கள். “இத்தனை வருடம் தோற்றோம், சாமி. மறுநாள் எல்லோரும் வேலைக்குப் போனோம்” என்றார். அதற்குமேல் அவரால் பேச முடியவில்லை. நமக்கும் ஆறுதல் மொழி எளிதில் வரவில்லை.

அவர் அந்த அணியை விட்டுவிடவில்லை. ஆனால் கோப்பை எதை ஈடுசெய்யும், எதை ஈடுசெய்யாது என்பதை அறிந்திருக்கிறார். பதினெட்டு ஆண்டுகளாக அவர் பெற்றது கோப்பையன்று. ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்ந்து சேர்ந்து தோற்ற நண்பர்கள். கேலி செய்தும் பிரியாத சென்னை அணித் தோழர்கள்.

திருமண மேடையில் நாம் வழங்கும் ‘பிரமாணிக்கம்’ என்னும் சொல்லை நினைத்துக்கொள்கிறோம். படுத்த படுக்கையான கணவரைப் பேணும் மனைவிக்கும், குடியில் விழுந்த மகனுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் தாய்க்கும் வெற்றி விழா இல்லை. அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. விளையாட்டில் தோற்கும் அணியோடு நிற்பது அப்பெரும் பள்ளியின் அரிச்சுவடியே. அரிச்சுவடியோடு நின்றுவிடாமல், அங்கே கற்றதை நம் இல்லங்களுக்குக் கொண்டு வருவோமா?