வெந்த வேரும் துளிர்க்கும்



கற்பகத் தருக்கள் மறைந்த காலத்தில், பசியால் வாடிய மக்கள் நாபிராயரை அடைந்து முறையிட்டனர். அவர் அவர்களை ஆதிபகவனிடம் அனுப்பினார். பகவான், “மறைந்த மரங்களுக்காக அழுதிருங்கள்” என்று கூறவில்லை. வாள், எழுத்து, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் ஆகிய அறுதொழில்களைக் கற்பித்தருளினார். மரம் அழிந்த இடத்தில் மக்களின் வாழ்வையும் சேர்த்தே நிமிர்த்த வேண்டும் என்பது அதனால் நாம் பெறும் பாடம்.

2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றோருள் 23 பேர் உயிரிழந்தனர். நம் சென்னையிலிருந்து சென்றவர்களும் அவர்களுள் உண்டு. ஓடவும் இயலாத ஓரறிவுயிர் முதலாக அத்தீயில் மாண்டவற்றை எண்ணிச் சொல்ல யாரால் இயலும்?

இல்லறத்தார் கைக்கொள்ளலாகாத கொடுந்தொழில்களைத் தொகுத்த நம் ஆசாரியர்கள், காட்டுக்குத் தீயிடுதலையும் அவற்றுள் ஒன்றாக வைத்தனர். “நாம் எந்தக் காட்டைக் கொளுத்தினோம்?” என்று கேட்பீர்கள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆசிரியையாக இருந்த நாளில், பள்ளித் தோட்டத்துச் சருகுகளைக் கூட்டிக் கொளுத்துமாறு மாணவியரிடம் கூறினேன். தீ அணைந்தபின் ஒரு சிறுமி, “டீச்சர், அதுக்குள்ளே பொன்வண்டு இருந்ததே!” என்றாள். என்னிடம் விடை இல்லை. தூய்மையைக் கற்பித்த நான் அன்று கருணையை மறந்தேன். காடாயினும் தோட்டமாயினும் கவனக்குறைவு ஒன்றே.

செய்த பிழைக்கு வருந்துதல் பிரதிக்கிரமணத்தின் தொடக்கம்; மீண்டும் செய்யாதிருத்தல் அதன் பயன். அழித்ததைத் திரும்ப வளர்க்க முயல்வதும் இல்லறத்தார்க்கு உரிய கடமையே. “குழி தோண்டினால் மண்ணுயிர் மடியாதோ?” என்று சிலர் ஐயுறுவர். கருதிச் செய்யும் ஹிம்சை வேறு. இல்லறக் கடமையில் தவிர்க்க இயலாது நேரும் ஹிம்சை வேறு. முன்னதை முற்றும் விலக்கிப் பின்னதை இயன்றவரை குறைத்து, விழிப்புடன் செயலாற்றுக என்பதே சிராவக நெறி.

வெந்த காடு முழுதும் செத்த காடு அன்று. மேலே கருகிய பல மரங்களின் வேர் உயிரோடிருந்து, மழை கண்டதும் துளிர்க்கும். அத்துளிரை ஆடு மாடு கடியாமற் காத்தல் முதற்பணி. சரிவு மண் மழையில் அடித்துச் செல்லப்படாமல் சிறு வரப்பிடுதல் அடுத்தது. வெற்றிடத்தை உண்ணிச்செடி பற்றுமுன் அம்மண்ணுக்குரிய மரங்களை நடுதல் அதற்கடுத்தது. நம்மவர் பலரின் பூர்வீகமான வந்தவாசி, ஆரணி வட்டங்கள் அடங்கிய மாவட்டத்தில், திருவண்ணாமலை மலை இவ்வாறே மீண்டும் பசுமை கண்டு வருகிறது. மரம் குறைந்து வறண்டிருந்த அம்மலையில் 1980களின் இறுதியிலிருந்து தொண்டர்கள் கன்று நட்டு வருகின்றனர். கோடைக்குமுன் புல்லை நீண்ட பட்டையாக அகற்றித் தீத்தடுப்புக் கோடும் அமைக்கின்றனர். மூண்ட தீ மேலும் பரவாமல் தடுக்க அக்கோடு உதவும்.

மலையடிவார மக்களைப் பழித்தலும் அறமாகாது. புதுப்புல்லுக்காகத் தீயிடுவோர் உளர் என்பது மெய்யே. எனினும், தீயென்றதும் முதலில் ஓடிவருவோரும் அவர்களே. குரங்கணியில் காயமுற்றோரைச் சுமந்திறக்கியவர்களுள் அவ்வூர் மக்கள் இருந்தனர். விறகும் தீவனமும் இன்றித் தவிப்பவனிடம் “காட்டைக் காப்பாற்று” என்றால் அச்சொல் எடுபடுமோ? தமிழ்நாட்டில் 1997 முதல் கிராம வனக்குழுக்கள் அமைத்து, காடு வளர்ப்பில் ஊராரையும் சேர்த்தது இவ்வுண்மை அறிந்தே. உயிர்கள் ஒன்றுக்கொன்று துணையாவன என்ற ஜினவாணியும் இதனையே உணர்த்துகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லியில் வாழும் நாம் செய்யத்தக்கவை சில. வாசற் சருகைக் கொளுத்தாது மட்கச் செய்வோம். பங்குனி, சித்திரையில் பொன்னூர்மலைக்கோ திருமலைக்கோ செல்லின், கற்பூரமும் விளக்கும் அணைந்தனவா என்று பார்த்தபின் இறங்குவோம். மரக்கன்றை நட்ட நாளோடு மறவாமல், மூன்று கோடைகளேனும் நீரூற்றிக் காப்போம்.

அந்தச் சிறுமிக்கு அன்று நான் சொல்லாத விடையை, இப்போது என் வீட்டுப் பின்புறத்துச் சருகுக் குவியலருகே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். நீங்களும் உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அறம் வளர்க! அருகன் திருவடி வாழ்க!